மற்றவை

கணக்கெடுப்புப் படிவத்தில்
கரடிக்கு ஒரு கட்டம், ஓநாய்க்கு ஒன்று,
லின்க்ஸ் பூனைக்கு ஒன்று.
அதற்கு இல்லை.
பதினோரு வருடமாக
கடைசி வரியில், மற்றவை என்ற இடத்தில்,
ஒன்று என்று எழுதி அனுப்புகிறேன்.
லுப்லியானாவிலிருந்து யாரும் இதுவரை
என்ன மற்றவை என்று கேட்டதில்லை.

பின்பனியில் அதைக் கண்டுபிடிப்பது எளிது.
இடுப்பளவுப் பனிக்கு நடுவே
ஒரேயொரு பள்ளத்தில் மட்டும்
ஈரக் கறுப்பு மண் தெரியும்.
பீச் சருகுகளைப் போர்த்துக்கொண்டு
சுருண்டு கிடக்கும்.
முதுகில் பாசி, பாசியில் சின்னதாய் ஒரு ஃபர் கன்று.
டிராகன் என்றால் நெருப்புக் கக்கவேண்டுமாம்.
இது மூச்சு விடும், அவ்வளவுதான்.
நிமிடத்துக்கு ஒன்று.
அந்த ஒன்றுக்காக
மான்கள் பள்ளத்தின் விளிம்பில் வந்து நின்று
குளம்பு சூடானதும் போகும்.
நானும் ஒருமுறை கையுறையைக் கழற்றினேன்.
அதைப் படிவத்தில் எழுதவில்லை.

விழிப்பதற்குத் தேதி கிடையாது.
காட்டுப்பூண்டு தழைத்துச் சரிவெல்லாம் நெடியடிக்கும் நாளில்
எழுந்து ஆடுபோல் மேயும்.
பசியாறியபின் மரத்தில் உரசும்; தோல் உரியும்.
சட்டையைக் கழற்றத் தெரியாத பிள்ளைமாதிரி
தலையில் மாட்டிக்கொண்டு
அரை நாள் குருடாய் அலையும்.
அந்த அரை நாளில்தான்
வித்கா ஷ்டிம்பெட்ஸின் தேன்பெட்டிகள் ஏழையும் கவிழ்த்தது.
இழப்பீட்டு மனுவில் அவள் கரடி என்று எழுதினாள்.
"கரடிக்குத்தானே பணம் தருகிறீர்கள்?"
கையெழுத்துப் போட்டேன்.

முதுவேனிலில் கண்ணிலேயே படாது.
எங்கள் சுண்ணாம்புக்கல் காட்டில்
ஆழக் குழிகள் உண்டு.
வாயில் வெயிலும் எறும்பும்,
அடியில் போன வருடத்துப் பனிக்கட்டி.
அங்கே இறங்கி வயிற்றை ஒட்டிவைத்துக் கிடக்கும்.
குழியிலிருந்து ஆவி எழுந்தால்
புல்லறுப்பவர்கள் வண்டியை அவசரமாகக் கட்டுவார்கள்,
மழை வரும் என்று.
பலமுறை வந்தும் இருக்கிறது.

கூதிர்காலம் அதற்கும் போல்களுக்கும் பொது.
அணிலுக்கும் எலிக்கும் இடைப்பட்ட அந்தக் கொழுத்த பிராணிகளைப் பிடிக்க
ஊரே ராத்திரியில் விளக்கோடு காடேறும்.
பொறி வைப்பார்கள், மது குடிப்பார்கள், பொய் சொல்வார்கள்.
போல்களோ பீச் கொட்டை தின்று முடித்து
அதன் கழுத்து மடிப்புகளில் ஒவ்வொன்றாய் நுழைந்துகொள்ளும்,
ஏழு மாதத் தூக்கத்துக்கு.
அது அசையாது.
யாரோ கழுத்தில் மப்ளர் சுற்றிவிடும்போது
நாம் நிற்கிறோமே, அப்படி நிற்கும்.

இரண்டு வருடம் பீச் காய்க்கவில்லை.
முதல் வருடம் இளைத்தது.
அடுத்த வருடம் தை பிறந்தும்
பள்ளம் வெள்ளையாகவே இருந்தது.
குச்சியால் குத்திப் பார்த்தேன்.
அடிவரை பனி.

ஒரு வாரம் தேடினேன்.
அப்புறம்தான்
யெர்னெய் கோபேயின் மரமில்லைக் கவனித்தேன்.
அதன் பின்புறம் வீடுயரத்துக்கு மரத்தூள் குவியல்.
கூரை வெள்ளை, சாலை வெள்ளை, அவனுடைய லாரி வெள்ளை;
குவியல் மட்டும் பழுப்பு.
"மரத்தூள் விற்கவில்லையா?"
"ஈரமாக இருக்கிறது."
"இரவு வேலையை ஏன் நிறுத்தினாய்?"
"ரம்பம் சத்தம் போடுகிறது" என்றான்,
முப்பது வருடம் அதை ஓட்டியவன்.

காது வைத்துக் கேட்டேன். கடிகாரம் பார்த்தேன்.
நிமிடத்துக்கு இரண்டு மூச்சு.
நோவா, இல்லை
உள்ளே இன்னொன்றா?
யெர்னெய் என் முகத்தைப் பார்க்காமல்
பூட்ஸிலிருந்த பனியை உதறிக்கொண்டிருந்தான்.

மற்றவை.
இந்த வருடம்தான் முதல்முறையாகப்
பென்சிலால் எழுதியிருக்கிறேன்.